சாலையோரப் பலகையில் மருமகளின் மூதாதையர் பெயர்

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். போன கோடையில் குடும்பத்தோடு நெப்ராஸ்கா வழியாகக் காரில் போனபோது, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வரலாற்றுப் பலகையைப் பார்த்தோம். அதில் அவளுடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருந்தது. 1852இல் கூண்டு வண்டியில் வந்த முன்னோடிக் குடும்பம் என்று போட்டிருந்தார்கள். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர்கள் நிஜமாகவே அவள் முன்னோர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தப் பலகைகளை யார் வைக்கிறார்கள், எவ்வளவு நம்பலாம்?

பதில்:

முதலில் ஒரு சின்ன விஷயம். 1852 என்ற ஆண்டும் நெப்ராஸ்கா என்ற இடமும் சேர்ந்து வந்தால், அந்தக் குடும்பம் அங்கே குடியேறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது அது பூர்வகுடிகளின் நிலம் என்று சட்டமே ஒதுக்கி வைத்திருந்த பகுதி. வியாபாரக் கிடங்குகள், ராணுவக் கோட்டை, மிஷன் தவிர வெளியாள் யாரும் அங்கே வீடு கட்ட முடியாது. 1854 மே மாதம் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்த பிறகுதான் குடியேற்றத்துக்குக் கதவு திறந்தது. ஆகவே உங்கள் பலகை சொல்லும் குடும்பம் அந்த வழியாகக் கடந்து போன குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று, அங்கே யாரையோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அல்லது ஓரிகன், கலிபோர்னியா, யூட்டா என்று எங்கோ போய்ச் சேர்ந்து, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பிற்காலத்தில் நெப்ராஸ்காவுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். மருமகளின் அம்மா வழியினர் 1860 வாக்கில் எந்த மாநிலத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். இந்தத் தேடலில் பாதி வேலை அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, பலகையின் கடைசி வரி. பெரும்பாலானவர்கள் பெயரையும் ஆண்டையும் படம் பிடித்துக்கொண்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதை விட்டுவிடுவார்கள். யார் வைத்தார்கள், எந்த ஆண்டு வைத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். நம் ஊரில் கல்வெட்டு படிப்பவர்கள் மெய்க்கீர்த்தியில் மயங்காமல் ஆட்சியாண்டைத் தேடுவார்கள் இல்லையா, அதே வேலைதான். 1852ஐப் பற்றி 1912இல் எழுதியவரும், 1936இல் எழுதியவரும், 1995இல் எழுதியவரும் ஒரே சம்பவத்தை மூன்று விதமாக எழுதுவார்கள்.

அமெரிக்காவில் இவற்றுக்கென்று ஒரே துறை கிடையாது. மாநில அரசு வைக்கும், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) வைக்கும், சர்ச் வைக்கும், குடும்பமே காசு போட்டு நட்டுவிடும். நெடுஞ்சாலையோரம் அலுமினிய வார்ப்பில் நிற்கும் பலகைகளை ஒழுங்கான மாநிலத் திட்டமாக முதலில் கொண்டு வந்த மாநிலங்களில் ஒன்று வர்ஜீனியா, 1927இல். கார் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் பரவிய காலம் அது. அதே 1927இல் ஒஹாயோவின் மரியெட்டாவில் தொடங்கிய சீவா ஸ்டூடியோஸ் என்ற வார்ப்புப் பட்டறைதான் இன்றைக்கும் பல மாநிலங்களுக்குப் பலகை செய்து தருகிறது. டெக்சாஸ் 1936இல் தன் நூற்றாண்டு விழாவுக்காக மாநிலமெங்கும் கிரானைட் கற்களை நட்டது. இப்போது அங்கே 16,000க்கும் மேற்பட்ட பலகைகள் இருக்கின்றன. டெக்சாஸில் இன்று ஒரு பலகை வேண்டுமென்றால் கவுண்டி வரலாற்றுக் குழுவிடம் ஆதாரங்களோடு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய நாளில் இந்தக் கெடுபிடி இல்லை. ஊர்ப் பெரியவர் சொன்னதே போதுமான ஆதாரமாக இருந்தது.

நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவைத்த மனிதர் எஸ்ரா மீக்கர். உங்கள் பலகையில் உள்ள அதே 1852இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாட்டு வண்டியில் ஓரிகன் போனவர். 1906இல், தன் 75ஆவது வயதில், மறுபடியும் எருதுகளைப் பூட்டிக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினார். வண்டிகள் மேற்கே போன பழைய ஓரிகன் பாதையை உழுது வயலாக்கிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்ற ஆதங்கம் அவருக்கு. வழியில் ஊர் ஊராகப் பேசினார், கல் நட வைத்தார், பள்ளிக் குழந்தைகள்கூடக் காசு கொடுத்தார்கள். மறு ஆண்டு வாஷிங்டன் நகரம் போய் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கே வண்டியைக் காட்டினார். (அந்த எருதுகள் செத்த பிறகு பாடம் செய்து டகோமா அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மனிதருக்கு விளம்பரம் நன்றாகத் தெரியும்.) வயோமிங்கின் சவுத் பாஸ் கணவாயில் அவர் நிறுவிய கல்லில் 'பழைய ஓரிகன் பாதை 1843–57' என்று இருக்கிறது. 57 என்பது அவர் போட்ட கணக்கு. அதற்குப் பிறகும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. 1869 மே 10 அன்று கண்டம் கடக்கும் ரயில் பாதை இணைந்த பிறகுதான் கூட்டம் வற்றியது. கல்லில் வெட்டிய ஆண்டும் ஒரு ஆளின் முடிவுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மீக்கருக்குப் பிறகு 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்துப் பெண்கள் (அமெரிக்க விடுதலைப் போர்க்கால முன்னோரின் வழிவந்தவர்கள்) நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் வரிசையாகக் கற்களை நட்டார்கள். யூட்டா பக்கம் 1901இல் தொடங்கிய 'யூட்டா முன்னோடிகளின் மகள்கள்' சங்கம் அதே வேலையைச் செய்தது. உங்கள் பலகை 1910க்கும் 1960க்கும் இடையில் வைத்ததாக இருந்தால், இப்படி ஒரு சங்கத்தின் பெயர் கீழே இருந்தாலும் இருக்கும். இந்தச் சங்கங்கள் இல்லையென்றால் பல இடங்கள் அடையாளமில்லாமல் போயிருக்கும். அதே சமயம், தம் பாட்டன் பாட்டிகளைப் பற்றித் தாமே எழுதிய சங்கங்கள் இவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஐடஹோவில் ப்ரெஸ்டன் ஊருக்கு அருகே உள்ள பேர் ஆற்று நினைவுத் தூணைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1863 ஜனவரி 29 அன்று கர்னல் கானரின் கலிபோர்னியத் தன்னார்வப் படை, உறைபனியில் பூர்வகுடிகளான ஷோஷோனி மக்களின் குளிர்காலக் குடியிருப்பைத் தாக்கி, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. 1932இல் முன்னோடிச் சங்கங்கள் அங்கே வைத்த தகடு அதைப் 'பேர் ஆற்றுப் போர்' என்கிறது. இறந்தவர்களில் 'சண்டையிட்ட பெண்களும் குழந்தைகளும் சுமார் 90 பேர்' என்று எழுதியிருக்கிறது. குழந்தைகளையும் சண்டையிட்டவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்! 1953இல் அதே தூணில் இன்னொரு தகடு ஏறியது. அது பக்கத்து ஊரான ஃப்ராங்க்ளினின் முன்னோடிப் பெண்களைப் போற்றுகிறது. காயம்பட்டும், பனியில் கை கால் விறைத்தும் வந்த சிப்பாய்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டுப் பணிவிடை செய்தவர்கள் அவர்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் கொள்ளுப்பேத்தி இன்றைக்கு அங்கே போய் நின்றால் பெருமைப்படத்தான் செய்வாள். பாட்டி செய்தது பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தகட்டை மட்டும் படித்துவிட்டுக் காரில் ஏறினால் அந்த நாளில் அங்கே என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விடும். 1990இல் அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது 'படுகொலை' என்ற பெயரே சூட்டப்பட்டது. 2018இல் ஷோஷோனி மக்களின் வடமேற்குப் பிரிவினர் அங்கே கணிசமான நிலத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

சாலையோரப் பலகைகளில் 'பூர்வகுடிகளின் தாக்குதல்' என்பது அடிக்கடி வரும். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ 1840 முதல் 1860 வரையான பதிவுகளைத் துருவிப் பார்த்துப் போட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது: பாதையில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். ஆளை உண்மையில் அள்ளிக்கொண்டு போனது காலரா. அதற்கடுத்து ஆற்றில் மூழ்குதல், கைதவறி வெடித்த துப்பாக்கி, வண்டிச் சக்கரம். பலகையில் 'தாக்குதலில் இறந்தார்' என்று இருந்து, குடும்பக் கடிதத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று இருந்தால், நான் கடிதத்தைத்தான் நம்புவேன்.

1852 குறிப்பாகப் பொல்லாத ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 70,000 பேர் மேற்கே போனார்கள் என்பது அன்ரூவின் கணக்கு. அதில் 50,000 பேர் கலிபோர்னியாவுக்கு, மீதிப் பேர் ஓரிகனுக்கும் யூட்டாவுக்கும் பாதிப்பாதி. பாதை ஒட்டிச் சென்ற நெப்ராஸ்காவின் ப்ளாட் ஆற்றங்கரை முழுக்கத் தண்ணீர் கெட்டு, காலரா. பிணத்தைப் பாதையிலேயே புதைத்து மேலே வண்டிகளை ஓட்டிவிடுவார்கள், ஓநாய் மோப்பம் பிடித்துத் தோண்டாமல் இருக்க. அதனால் அந்தக் கல்லறைகளில் பெரும்பாலானவை இருந்த இடமே தெரியாது.

ஒன்று மட்டும் தப்பியது எப்படி என்பது உங்களுக்குப் பயன்படும் கதை. நெப்ராஸ்காவின் ஸ்காட்ஸ்பிளஃப் அருகே, 1852 ஆகஸ்ட் 15 அன்று, யூட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த ரெபெக்கா வின்டர்ஸ் என்ற பெண் காலராவில் இறந்தார். குடும்ப நண்பர் வில்லியம் ரெனால்ட்ஸ் ஒரு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை எடுத்து வளைத்து, உளியால் அவர் பெயரையும் 'வயது 50' என்பதையும் கொத்தி, குழியில் நட்டுவிட்டார். மரப்பலகையாக இருந்தால் பத்து வருஷத்தில் உளுத்துப் போயிருக்கும். இரும்பு நின்றது. 1899இல் ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். தண்டவாளத்தைச் சற்று விலக்கிப் போட்டார்கள் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் செய்தி. தகவல் யூட்டா போய், வாரிசுகள் அப்படித்தான் பாட்டியின் கல்லறை இருக்கும் இடத்தை அறிந்தார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் ஒரு கல்லும் வைத்தார்கள். அந்தக் கல்லில் ரெபெக்காவைப் பற்றி எழுதிவிட்டு, கூடவே அவருடைய அப்பா கிடியன் பர்டிக் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் முரசு கொட்டிய சிறுவன் என்றும் சேர்த்திருக்கிறார்கள். காலராவில் செத்த ஒரு பெண்ணின் கல்லறையில் முரசுக்கு என்ன வேலை? புரட்சிப் போர்க்கால முன்னோரைக் காட்டுவது அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பெரிய கௌரவமாக இருந்த காலம் அது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. ஆனால் தேடுபவருக்கு அந்த ஒற்றை வரி இன்னொரு தலைமுறையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. தண்டவாளத்தை ஒட்டி ஜனங்கள் வந்து நிற்பது ஆபத்து என்று 1995இல் கல்லறையைச் சற்றுத் தள்ளி மாற்றினார்கள். இரும்புப் பட்டையையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இனி உங்கள் தேடல். பலகையிலிருந்து கீழே இறங்காதீர்கள், மருமகளிடமிருந்து மேலே ஏறுங்கள். அவளுடைய அம்மா, அம்மாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் முதலில். பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ் தாள்கள். 72 ஆண்டுகள் கழித்தே பெயர்களை வெளியிடுவார்கள் என்பதால் இப்போது 1950 வரை பார்க்கலாம். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் 1890 தாள்கள் அநேகமாக முழுவதும் இல்லை, தீவிபத்தில் போய்விட்டன. 1880க்கும் 1900க்கும் இடையிலான அந்த இருபது வருஷப் பள்ளத்தில்தான் பல குடும்ப மரங்கள் தவறான கிளைக்குத் தாவுகின்றன. 1880 தாளில் வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று இருக்கும். 1850, 1860, 1870இல் உறவு முறை எழுதவே மாட்டார்கள், ஒரே வீட்டில் இருந்தவர்கள் பெயர், வயது, பிறந்த மாநிலம் அவ்வளவுதான். ஆகவே அதில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் மகனா, அக்கா மகனா, பாதையில் அநாதையாகி இவர்களோடு ஒட்டிக்கொண்டவனா என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும். பாதையில் பெற்றோரை இழந்த குழந்தைகள் நிறைய.

ஓரிகன் போன குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1850இல் வந்த நிலக்கொடைச் சட்டப்படி, 1852இல் போய்ச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு 320 ஏக்கர் வரை கிடைத்தது. அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. (பூர்வகுடிகளோடு உடன்படிக்கை முடியும் முன்பே இந்த நிலத்தைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.) நிலம் வேண்டுமென்றால் எங்கே பிறந்தார், எந்தத் தேதியில் எந்த ஊரில் கல்யாணம், என்றைக்கு ஓரிகன் வந்தார் என்பதெல்லாம் சாட்சிகளோடு சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அந்தக் காகிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலகை எழுதியவர் தேதியில் சறுக்கியிருந்தால் இங்கே அகப்பட்டுவிடும். கலிபோர்னியா என்றால், அந்த மாநிலம் 1852இல் தனியாக ஒரு சென்சஸ் எடுத்தது. முன்பு எங்கே வசித்தார் என்ற பத்தியும் அதில் உண்டு. யூட்டா என்றால் மோர்மன் சர்ச் எந்தப் பயணக் குழுவில் யார் வந்தார்கள் என்ற பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் பிற்பாடு நெப்ராஸ்காவில் நிலம் எடுத்திருந்தால், 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கோப்பைக் கேளுங்கள். 160 ஏக்கருக்காக ஐந்து வருஷம் இருந்து காட்டியவர்களின் கோப்பு அது. வீட்டின் நீள அகலம், எத்தனை ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுவரை அதில் எழுதியிருக்கும். எனக்கு எந்த வெண்கலத் தகட்டையும்விட இந்தக் கோப்புகள்தான் பிடிக்கும்.

பெயர் ஒன்றாக இருப்பது பெரிய ஆதாரமில்லை. ஸ்மித், மில்லர் போன்ற பெயர் என்றால் மறந்தேவிடலாம். அபூர்வமான பெயராக இருந்தாலும் அண்ணன் தம்பி இருவர் ஒன்றாகப் பயணம் செய்து ஒருவர் பெயர் மட்டும் பலகையில் ஏறியிருக்கும். மருமகள் மற்றவரின் வழியாக இருப்பாள். டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று கேட்பீர்கள். ஐந்து, ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒருவரை அது நேரடியாகக் காட்டிக்கொடுக்காது. அதே முன்னோரின் வேறு கிளையில் வந்தவர்களோடு பொருந்தினால், காகித ஆதாரத்துக்குத் துணையாக நிற்கும்.

நேர் வாரிசாக இல்லாவிட்டாலும் உரிமை கொண்டாட இடமிருக்கிறது. வயோமிங்கில் கெர்ன்சி ஊருக்கு அருகே ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற மென்பாறைச் சுவர் உண்டு. வண்டியில் போனவர்கள் பெயர் கொத்திவிட்டுப் போன இடம். அதில் 'ஏ.எச். அன்தேங்க் 1850' என்று ஒரு கிறுக்கல். இண்டியானாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன். அதைக் கொத்திய சில நாட்களில், ஜூலை 2 அன்று, காலராவில் இறந்துபோனான். க்ளென்ராக் அருகே அவன் கல்லறை இருக்கிறது. பாறையில் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 1869இலும் 1931இலும் வந்து தங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது யாரும் அப்படிக் கொத்தக் கூடாது, சட்டம் பாயும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் வேண்டாம். மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தாலே எழுத்து எழும்பித் தெரியும்.

பலகையில் யார் இல்லை என்றும் ஒரு முறை பாருங்கள். 1844இல் ஓரிகன் பாதையில் போன ஜார்ஜ் புஷ் கறுப்பினத்தவர். ஓரிகனில் கறுப்பினத்தவர் குடியேறத் தடை என்பதால் வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் பக்கம் போய்க் குடியேறினார், பஞ்ச காலத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தானியம் கொடுத்தார். நிலக்கொடைச் சட்டம் அவருக்குப் பொருந்தாததால், 1855இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு 640 ஏக்கரை அவருக்கு உறுதி செய்தது. அந்த மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

தேடி முடித்து, உறவு உறுதியாகிவிட்டால், முன்னோடிச் சங்கங்களில் சேர மருமகள் விரும்பக்கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லைத் தேதி உண்டு. யூட்டா மகள்கள் சங்கத்துக்கு, முன்னோர் 1869 மே 10க்கு முன் யூட்டா வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று கேட்பார்கள், ஆகவே மேலே சொன்ன காகிதங்களை எடுக்கும்போதே நகல் போட்டு அடுக்கி வையுங்கள்.

பலகையில் தப்பு இருப்பதாகத் தெரிந்தால் அதை வைத்த அமைப்புக்கு எழுதலாம். நெப்ராஸ்காவில் மாநிலப் பலகைகளைக் கவனிப்பது மாநில வரலாற்றுச் சங்கம். 'எங்கள் வீட்டில் இப்படிச் சொல்லுவார்கள்' என்று எழுதினால் நன்றி என்று ஒரு பதில் வரும், அத்தோடு சரி. நிலக் கோப்பின் நகலோ, அந்தக் காலத்துக் கடிதமோ, செய்தித்தாள் நறுக்கோ இணைத்து அனுப்பினால் கோப்பில் சேர்ப்பார்கள். பலகை பழுதாகியோ கார் மோதியோ புதிதாக வார்க்க வேண்டி வரும்போது வாசகத்தை மாற்ற வழி பிறக்கும். சங்கமோ குடும்பமோ வைத்த தனிக்கல் என்றால் அவர்களிடம்தான் பேச வேண்டும். கல் நிற்பது மாட்டுப் பண்ணைக்குள் என்றால், வேலியைத் தாண்டும் முன் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.